சிவப்பு மூக்கும் மழுங்கல் மூக்கும்

வெளிநாட்டிலிருந்து முதல் தடவையாக வேட்டைக்கு வருகிறவர்கள் என்னிடம் கேட்கிற முதல் கேள்வி சிங்கத்தைப் பற்றியோ பாம்பைப் பற்றியோ இருக்காது, மேடம். தோட்டாவைப் பற்றித்தான் இருக்கும். எந்தத் தோட்டா கொண்டுவரட்டும், எத்தனை எடை, முனை கூராக இருக்கவேண்டுமா, மொட்டையாக இருக்கவேண்டுமா? விமானச்சீட்டு எடுப்பதற்கு முன்பே இது ஆரம்பித்துவிடும். வீட்டில் பெண்டாட்டி தூங்கிவிட்டாளா என்று பார்த்துவிட்டு, கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, தன்னைப்போலவே காட்டைப் பார்த்திராத நாலு பேரோடு அடித்துக்கொள்வார்கள். அப்புறம் எனக்கு எழுதுவார்கள்.

முப்பத்தொரு வருடமாகத் தென்னாப்பிரிக்காவில், இந்த லிம்போபோ மாகாணத்தில் வேட்டை வழிகாட்டியாக இருக்கிறேன். தோட்டாவில் இரண்டே ரகம்தான். ஒன்று கனமானது, மெதுவாகப் போவது, முனையில் ஈயம் மழுங்கலாக இருக்கும். தோலைக் கிழித்து, எலும்பை உடைத்து, அந்தப் பக்கத்துத் தோலுக்கடியில் போய் முழுசாக நிற்கும். வெளியே எடுத்தால் காளான் மாதிரி விரிந்திருக்கும். நாங்கள் அதை மழுங்கல் மூக்கு என்போம். இன்னொன்று லேசானது, வேகமானது, முனையில் சிவப்புப் பிளாஸ்டிக் வைத்திருப்பார்கள். பட்ட இடத்திலேயே பொடிப்பொடியாகச் சிதறிவிடும். அது சிவப்பு மூக்கு. குள்ளநரிக்கு நன்றாக இருக்கும். வில்டபீஸ்ட் மாதிரி மாட்டளவு உடம்பும் தடித்த தோள் எலும்பும் உள்ள மிருகத்துக்கு அது குண்டல்ல, கொசுக்கடி.

அதனால் கேட்ட எல்லோருக்கும் மழுங்கல் மூக்கு என்றே எழுதியிருக்கிறேன். அந்த மின்னஞ்சல்களையெல்லாம் அச்செடுத்து இந்த விசாரணை மேசைமேல் பரப்பி வைத்திருக்கிறீர்கள். அறுபத்து நாலு பேருக்கு மழுங்கல் மூக்கு, ஒரே ஒருவருக்குச் சிவப்பு மூக்கு. அந்த ஒருவர் டேல் ஹாகன். போன ஜூலையில் என்னோடு வேட்டைக்கு வந்து, வில்டபீஸ்ட்டைக் குறிவைத்து, என்னுடைய ஆள் லெசிபாவைச் சுட்டுவிட்டதாகக் கோர்ட்டில் ஒப்புக்கொண்டு, அபராதம் கட்டி, அழுதுகொண்டே ஊர் திரும்பியவர். 'அவருக்கு மட்டும் ஏன் சிவப்பு மூக்கு?' என்று கேட்கிறீர்கள். அவர் ஒரு மனிதனைக் கொன்றாரா இல்லையா என்பது நான் இப்போது சொல்லப்போகிற பதிலில் இருக்கிறது என்கிறீர்கள்.

சொல்கிறேன். அவசரம் ஒன்றுமில்லை.

ஹாகன் மின்னசோட்டாவில் மருந்துக்கடை வைத்திருந்தவர். ஐம்பத்தெட்டு வயது. தோட்டாவைப் பற்றி மட்டும் பதினோரு கடிதம் எழுதினார். மருந்து கொடுக்கிறவர் இல்லையா, காலையில் ஒன்று மாலையில் ஒன்று, சாப்பாட்டுக்குப் பின் என்று நான் குண்டுக்கும் சீட்டு எழுதித் தரவேண்டும் என்று எதிர்பார்த்தார் போலிருக்கிறது. நாற்காலியில் இடித்துக்கொண்டால் நாற்காலியிடம் மன்னிப்புக் கேட்கிற ரகம். முகாமில் அவருடைய துணியைத் துவைத்துப்போட்ட பெண்ணிடம் ஒவ்வொரு சட்டைக்கும் தனித்தனியாக நன்றி சொன்னார். அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

இப்படிப்பட்டவர்கள்மீது ஒரு பழியைத் தூக்கி வைத்தால், அது யாருடையது என்று திருப்பிக் கேட்கமாட்டார்கள். வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொள்வார்கள். எனக்கு அது அவருடைய மூன்றாவது கடிதத்திலேயே தெரிந்துவிட்டது.

லெசிபாவைப் பற்றியும் சொல்லவேண்டும். நீங்கள் அவனைத் 'திரு. மொகொட்லானே' என்று சொல்லும்போதெல்லாம், யாரைச் சொல்கிறீர்கள் என்று ஒரு நொடி எனக்குப் பிடிபடுவதில்லை. இருபத்திரண்டு வருடம் எனக்குத் தடம் பார்த்தவன். கல்லின்மேல் மிருகம் நடந்துபோனால்கூடக் கண்டுபிடித்துவிடுவான். வாய் சும்மா இருக்காது. புதிதாக வருகிறவர்களிடம், "லெசிபான்னா எங்க பாஷையில இறகு சார். எங்கம்மா ஆசையா வெச்ச பேரு. இப்ப தொண்ணூறு கிலோ. காத்துல பறக்கணும்னா புயல்தான் வரணும்" என்பான். வந்தவர்கள் சிரிப்பார்கள். ஊருக்குப் போனதும் என் பெயரை மறந்துவிட்டு 'இறகு எப்படி இருக்கிறான்?' என்று எழுதுவார்கள். அதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இல்லை.

இருபத்திரண்டு வருடமும் என்னைப் 'பாஸ்' என்றுதான் கூப்பிட்டான். நான் கேட்டு வாங்கியதல்ல. அவன் அப்பா என் அப்பாவை அப்படிக் கூப்பிட்டார், இவனும் கூப்பிட்டான். போன வருடம் மார்ச் மாதம் பதினாலாம் தேதி, காலையில் நான் வண்டிக்கு டீசல் ஊற்றிக்கொண்டிருந்தேன். பின்னால் வந்து நின்றான்.

"வெசல், பாஸாயிட்டேன்" என்றான்.

எனக்கு முதலில் புரியவில்லை. "என்னடா?" என்றேன்.

"வழிகாட்டிப் பரீட்சை. முதல் தடவையே. சுடறதுல தொண்ணூத்தெட்டு, சட்டத்துல எண்பத்தொண்ணு. உங்களுக்கு மூணு தடவை ஆச்சுன்னு சொல்லியிருக்கீங்களே, நான் வேற பயந்துட்டிருந்தேன்."

"பேரைச் சொல்லிக் கூப்பிடுற?"

அவன் சிரித்தான். கெட்ட சிரிப்பல்ல, அதையும் சொல்லிவிடுகிறேன். "இனி ரெண்டு பேருக்கும் ஒரே உரிமம்தானே, வெசல். ஒரே சங்கத்துல உக்காந்துட்டு, அங்க வந்து பாஸ் பாஸ்னா, நாலு பேரு உங்களைத்தான் சிரிப்பாங்க."

அடுத்த சீசனிலிருந்து தனியாகத் தொழில் செய்யப்போவதாகவும், ஆற்றுக்கு அந்தப் பக்கம் அவன் மாமனார் வழி நிலத்தில் முகாம் போடப்போவதாகவும் சொன்னான். எனக்கு இடைஞ்சல் வராது என்றான். 'உங்க ஆளுங்களை நான் தொட மாட்டேன்' என்றான். தொடவே வேண்டியதில்லை. அவர்களாகவே போவார்கள் என்பது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். நான் கைகொடுத்தேன். வாழ்த்துச் சொன்னேன். உள்ளே போய், ஹாகனின் ஏழாவது கடிதத்துக்குப் பதில் எழுதினேன்.

அந்தத் தேதியைச் சுற்றித்தான் நீங்கள் பேனாவால் வட்டம் போட்டிருக்கிறீர்கள். கெட்டிக்காரர்.

'சிவப்பு மூக்கு கொண்டுவாருங்கள், உதை குறைவாக இருக்கும், உங்கள் தோளுக்கு நல்லது' என்று எழுதியிருந்தேன். அவருடைய துப்பாக்கியும் என்னுடைய துப்பாக்கியும் ஒரே அளவுத் தோட்டா சாப்பிடுகிறவை. சிவப்பு மூக்கு உடம்புக்குள் போனால் சிதறிவிடும். பொடியை எடுத்து வைத்துக்கொண்டு எந்தக் குழலிலிருந்து வந்தது என்று எந்த மேதையாலும் சொல்லமுடியாது. என்ன ரகம் என்று மட்டும் சொல்லலாம். அந்த ரகம் ஹாகனுடைய பெட்டியில் இருக்கும். அவ்வளவுதான் திட்டம். பெரிய மூளையெல்லாம் தேவைப்படவில்லை.

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் இருக்கிறது, வெளியே சொல்வதில்லை. நிழல் வெடி என்போம். முதல் தடவை வருகிற ஆள், கை நடுக்கத்தில் தவறவிட்டுவிடுவான் என்று தோன்றினால், வழிகாட்டி அவன் தோளுக்குப் பின்னால் நின்று, அவன் விசையை இழுக்கிற அதே நொடியில் தானும் சுடுவான். இரண்டு வெடியும் ஒரே சத்தமாகக் கேட்கும். மிருகம் விழும். வந்தவன் தான்தான் விழுத்தாட்டினோம் என்று நினைத்துக்கொண்டு, காலடியில் போட்டுப் படம் எடுத்து, ஊருக்குப் போய்ச் சுவரில் மாட்டுவான். தடம் பார்ப்பவர்களுக்குத் தெரியும். வாயைத் திறக்கமாட்டார்கள். அந்தச் சுவர்களில் தொங்குகிற தலைகளில் பாதி என்னுடையவை, மேடம். ஒருவராவது சந்தேகப்பட்டதில்லை. மனிதனுக்குத் தன் திறமையில் இருக்கிற நம்பிக்கை அப்படி.

ஹாகன் வந்து இறங்கிய அன்று மாலை, குறி சரிபார்க்க அட்டைப்பெட்டி ஒன்றை நூறு கஜத்தில் வைத்தோம். சிவப்பு மூக்கில் ஒன்பது தோட்டா சுட்டார். விசையை இழுக்கும்போது கண்ணை மூடிக்கொண்டார். பெட்டியின் ஓரத்தில் ஒன்று பட்டது. அதுவும் பெட்டி காற்றில் நகர்ந்ததால் பட்டிருக்கலாம்.

லெசிபா போய்ப் பார்த்துவிட்டு வந்தான். "சார், பெட்டி நல்லா இருக்கு. உங்களை விசாரிச்சுது" என்றான்.

ஹாகன் முகம் சிவந்து, "மன்னிக்கணும். நான் வழக்கமா இவ்வளவு மோசமில்லை" என்றார்.

"மன்னிப்பெல்லாம் பெட்டிகிட்ட கேக்காதீங்க சார், அதுக்கு ஒண்ணும் ஆகல" என்றான் லெசிபா. இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது. இந்த மனிதர் எதையும் சுடமாட்டார்.

மறுநாள் நான் உதிரிபாகம் வாங்க டவுனுக்குப் போய்விட்டேன். இரண்டு பேரும் நாள் முழுக்க முகாமில்தான் இருந்தார்கள். அது எனக்குப் பெரிய விஷயமாகப் படவில்லை.

மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு, வறண்ட குளத்துக்கு வடக்கே முப்பது வில்டபீஸ்ட் மேய்ந்துகொண்டிருந்தன. காற்று எங்கள் பக்கம் அடித்தது. இந்த மாதிரி நேரத்தில் லெசிபா சுற்றிக்கொண்டு மந்தைக்கு அந்தப் பக்கம் போவான். அவன் வாடை பட்டதும் மந்தை மெதுவாக எங்கள் பக்கம் நகரும். அவன் கறையான் புற்றுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு, ஒரு குச்சியில் தொப்பியை மாட்டித் தூக்கிக் காட்டுவான். பத்திரமாக இருக்கிறேன், சுடுங்கள் என்று அர்த்தம். இருபத்திரண்டு வருடப் பழக்கம். அவனிடம் இன்னொரு பழக்கமும் உண்டு. புற்றின் இடதுபக்கம் கொஞ்சம் எட்டிப் பார்ப்பான். குண்டு எங்கே படுகிறது என்று தன் கண்ணால் பார்த்தால்தான் பிறகு ரத்தத்தடம் படிக்கமுடியும் என்பான். 'வேண்டாம்டா' என்று நூறு தடவை சொல்லியிருக்கிறேன். சொன்னேனா இல்லையா என்று யாரை வேண்டுமானாலும் கேளுங்கள்.

தொப்பி மேலே வந்தது. கீழே இறங்கியது. பெரிய காளை ஒன்று பக்கவாட்டில் நின்றது. புற்று அதற்குப் பின்னால், இடதுபக்கம் நாலு எட்டு தள்ளி. ஹாகன் மூன்று கால் தாங்கியில் துப்பாக்கியை வைத்து, காதுக்கவசத்தை இழுத்துவிட்டுக்கொண்டார். நான் அவர் தோளுக்குப் பின்னால் நின்றேன். புற்றின் ஓரத்தில் லெசிபாவின் தலையும் நெஞ்சும் வந்தன.

ஹாகன் கசப்பு மருந்து குடிக்கப்போகிற குழந்தை மாதிரி மூச்சை இழுத்துப் பிடித்தார். அந்த மூச்சு நின்ற இடத்தில் நானும் விசையை இழுத்தேன்.

ஒரே சத்தம்தான். மந்தை புழுதியைக் கிளப்பிக்கொண்டு ஓடியது, காளையும் சேர்த்து. புழுதி அடங்கியபோது லெசிபா புற்றுக்குப் பக்கத்தில் கிடந்தான். நான் ஹாகனின் தோளில் கைவைத்து, மெதுவாக, "டேல், என்ன காரியம் பண்ணிட்டீங்க" என்றேன்.

அவர் ஓடிய ஓட்டத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். முட்செடியில் கால்சட்டை கிழிந்து, கண்ணாடி விழுந்து, அங்கே போய் லெசிபாவின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, மருந்துக்கடைக்காரர் இல்லையா, நாடி பார்த்தார். நாடியில் என்ன இருக்கிறது. சிவப்பு மூக்கு வேலையை முடித்திருந்தது.

வந்த சார்ஜென்ட் எனக்குத் தெரிந்தவர். என்ன நடந்தது என்று என்னைக் கேட்டார், சொன்னேன். என்ன தோட்டா என்று என்னைக் கேட்டார், அதையும் நானே சொன்னேன். ஹாகனுடைய துப்பாக்கியையும் பெட்டிகளையும் அப்படியே மூட்டை கட்டி எடுத்துப்போனார். என் துப்பாக்கியை யாரும் கேட்கவில்லை. ஹாகனிடம், "நீங்கதான் சுட்டீங்களா?" என்றார். "நான்தான்" என்றார் ஹாகன். அது உண்மைதானே.

ஊருக்குப் போவதற்கு முன், லெசிபாவின் மனைவி மபூலாவைப் பார்க்கவேண்டும் என்று அடம்பிடித்தார். கூட்டிப்போனேன். வாசலில் மண்டியிட்டார். மபூலா சோளக்களி கிண்டிக்கொண்டிருந்தாள். கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "எந்திரிங்க. முட்டியில கல்லு குத்தும்" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் என்னைப் பார்த்தாள். கொஞ்சம் அதிக நேரம் பார்த்தாள். துக்கத்தில் பெண்கள் அப்படிப் பார்ப்பதுண்டு, நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நாலு மாதத்தில் ஹாகனின் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. மாத்திரையை எண்ண முடியவில்லை என்று கடையை விற்றுவிட்டார். வீட்டில் இருந்த மற்றத் துப்பாக்கிகளை உருக்கக் கொடுத்துவிட்டார். எனக்கு மாதம் ஒரு கடிதம் எழுதினார். நான் ஒன்றுவிடாமல் பதில் போட்டேன். அது விபத்து, நான் உங்களை மன்னித்துவிட்டேன் என்று எழுதினேன். ஒவ்வொரு மாதமும் எழுதினேன். எனக்கு அவசியமே இல்லை, மேடம். இருந்தாலும் எழுதினேன். அதற்கும் ஒரு மனசு வேண்டும்.

இப்போது நீங்கள் கேட்காமல் விட்டதைச் சொல்கிறேன். நேற்று என் கொட்டகையில் உப்புக்கு நடுவே ஒரு ஜோடி வில்டபீஸ்ட் கொம்பைப் பார்த்தீர்களே, அதைப் பற்றி.

லெசிபா இறந்த இரண்டாம் நாள், குளத்துக்கு வடக்கே புதருக்குள் கழுகுகள் இறங்குவதைப் பார்த்தேன். தனியாகப் போனேன். அந்தக் காளை கிடந்தது, குண்டு பட்ட இடத்திலிருந்து எண்பது எட்டுத் தூரத்தில். தோளில், கீழிருந்து மூன்றில் ஒரு பங்கு உயரத்தில், முன்னங்காலுக்கு நேர்மேலே ஒரு ஓட்டை. பாடப்புத்தகத்தில் படம் போடலாம். ஹாகன் சுட்டது. எதையும் சுடமாட்டார் என்று நான் முடிவுகட்டிய மனிதர், வேட்டையில் சுட்ட முதல் குண்டிலேயே, நான் ஆயுளில் பத்துத் தடவை சுட்டிருப்பேனோ என்னவோ, அப்படி ஒரு வெடி சுட்டிருந்தார்.

கொம்பு நல்ல அளவு. அதைக் கழுதைப்புலிக்கு விட்டுவிட மனசு வரவில்லை. வெட்டி எடுத்தேன். காளையைப் புரட்டும்போது, அந்தப் பக்கத்துத் தோளில் தோலுக்கடியில் கைக்கு ஏதோ தட்டுப்பட்டது. கத்தியால் கீறினேன். குண்டு வந்து கையில் விழுந்தது. முழுசாக, காளான் மாதிரி விரிந்து, கனமாக.

மழுங்கல் மூக்கு.

மாட்டிக்கொள்வோமே என்ற பயம் அப்போது எனக்கு வரவில்லை. நம்புவீர்களோ மாட்டீர்களோ. ஹாகனுக்கு இதை யார் கொடுத்தது என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். கொடுக்கக்கூடிய ஆள் ஒருவன்தான் இருந்தான்.

மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். முகாம் விளம்பரத்தில் லெசிபாவின் பெயரைப் பார்த்து, ஹாகன் என்னைக் கேட்டமாதிரி அவனையும் எழுதிக் கேட்டிருக்கிறார். 'வெசல் சிவப்பு மூக்குங்கிறாரே, சரியா?' என்று. இவன், 'எங்க வில்டபீஸ்ட்டுக்கு அது ஆகாது சார், மழுங்கல் மூக்கு ஒரு பெட்டி அடியில வெச்சுக் கொண்டுவாங்க' என்றிருக்கிறான். நான் டவுனுக்குப் போன அன்று பகல் முழுக்கக் குறியைப் புதிதாகச் சரிசெய்து, கண்ணைத் திறந்துவைத்துக்கொண்டு சுடுவது எப்படி என்று சொல்லிக்கொடுத்திருக்கிறான். 'வெசல்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க சார். அவரு பெரிய மனுஷன், தன் பேச்சைத் தட்டிட்டாங்கன்னா மனசு நொந்துபோவாரு' என்று வாக்குவேறு வாங்கியிருக்கிறான்.

என் மனசு நோகக்கூடாதாம். என் ஆள் எனக்குக் காட்டுகிற கருணை.

ஹாகன் செத்தவனுக்குக் கொடுத்த வாக்கென்று ஒன்பது மாதம் வாயைத் திறக்கவில்லை. கோர்ட்டில்கூடச் சொல்லவில்லை. எந்தக் குண்டாயிருந்தால் என்ன, ஆள் செத்தது செத்ததுதானே என்று நினைத்திருக்கிறார். போன மாதம் மபூலாவுக்கு ஒரு கடிதம் எழுதியபோது, 'உங்கள் கணவர் எனக்கு அன்போடு தேர்ந்தெடுத்துச் சொன்ன தோட்டாவால் அவரையே கொன்றுவிட்டேன்' என்று எழுதியிருக்கிறார். எப்படி உருகுகிறார் பாருங்கள். மபூலா அந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேராக உங்களிடம் வந்தாள்.

அவள் சொன்னதை நீங்கள் அப்படியே படித்துக்காட்டினீர்கள். "புது ஆளு வந்தா ரெண்டு வெடின்னு என் புருஷன் எப்பவும் சொல்லுவான். ஒண்ணு வெளிநாட்டுக்காரன் வெடி, ஒண்ணு வெசல் வெடி. அன்னிக்கு வெசல் வெடி எங்க போச்சுன்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்கம்மா."

நீங்கள் காவல் நிலையக் கிடங்கில் மூட்டையைப் பிரித்திருக்கிறீர்கள். ஹாகனின் துப்பாக்கியில் மிச்சமிருந்தது எல்லாமே மழுங்கல் மூக்கு. லெசிபாவின் நெஞ்சில் எடுத்த பொடியை அனுப்பிக் கேட்டிருக்கிறீர்கள். சிவப்பு மூக்கு. ஆக அது ஹாகனுடைய வெடியல்ல.

ஆமாம், மேடம். அது என்னுடையது. தவறிப்போனதல்ல, எங்கே போகவேண்டும் என்று நினைத்தேனோ அங்கேதான் போனது. எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். மருந்துக்கடைக்காரருக்கும் தந்தி கொடுத்துவிடுங்கள், அவர் கொன்றது ஒரு வில்டபீஸ்ட்டை மட்டும்தான் என்று. தந்தியெல்லாம் இப்போது இல்லை, இல்லையா? சரி, எதிலாவது சொல்லுங்கள். என்னிடம் மன்னிப்புக் கேட்டு எழுதிய கடிதங்களையெல்லாம் வேண்டுமானால் அவருக்கே திருப்பி அனுப்பிவிடலாம்.

அவன் என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டான் என்பதற்காகச் செய்தேன் என்று நீங்கள் எழுதப்போகிறீர்கள் என்று தெரிகிறது. அது சரியல்ல. இருபத்திரண்டு வருடம் ஒரே பாத்திரத்தில் காப்பி குடித்தவன்மேல் எனக்கு ஒரு பகையும் கிடையாது. பகை இருந்தால் இத்தனை யோசித்து ஒரு குண்டைத் தேர்ந்தெடுப்பேனா? அவன் தேர்ந்தெடுத்த குண்டை வாங்கிக்கொண்டு அந்தக் காளை எண்பது எட்டு ஓடியது. நான் தேர்ந்தெடுத்த குண்டில் அவன் நின்ற இடத்திலேயே விழுந்தான், ஒரு எட்டு எடுத்து வைக்கவில்லை. தொழில் தெரிந்தவர் யாரையாவது கேட்டுப் பாருங்கள், மேடம். எங்கள் இருவரில் யாருடைய தேர்வு சரி?